காசும் காரணமும்

சென்னையில் காசு செலவில்லாமல் கிடைக்கும் இன்பங்களைச் சொல்லச் சொன்னால் யாரும் மெரினாவில்தான் தொடங்குவார்கள். 1880களில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடலோரத்தில் உலாவும் சாலை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அங்கே நுழைய அன்றும் கட்டணம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால், கட்டணம் இல்லாத இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்பது ஆண்கள் போடும் கணக்கு. பெண்ணுக்கு அங்கே போய்ச் சேர இரண்டு தேவை: ஒன்று காசு, இன்னொன்று காரணம். எங்கே, எதற்கு, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வாசலிலேயே கேட்கப்படும். ‘கடல் பார்க்க’ என்ற பதில் அங்கே செல்லாது. இந்த நகரத்தில் பெண்கள் கண்டடைந்த மலிவான இன்பங்களின் வரலாறு, அவர்கள் செல்லுபடியாகும் காரணங்களைத் தேடிக்கொண்ட வரலாறும்தான்.

முதலில் கிடைத்த காரணம் படிப்பு. 1914இல் நகரின் முதல் பெண்கள் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. அது அமைந்த இடம் கடலுக்கு எதிரே. சற்றுத் தள்ளி ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், சகோதரி சுப்பலட்சுமி பிராமண இளம் விதவைகளுக்கான விடுதியை நடத்தினார். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டின் பின்கட்டில் ஒதுக்கப்பட்ட பெண்கள், பாடம் படிக்க வந்த இடத்தில் சன்னலைத் திறந்தால் கடல். அந்தச் சன்னல் எல்லாச் சாதிப் பெண்களுக்கும் திறக்கவில்லை. அதே மணலில் மீன் விற்றுக் கணக்குப் பார்த்த பெண்களுக்கோ கடற்கரை காலாற நடக்கும் இடமல்ல, வேலை செய்யும் இடம்.

2003இல் ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தது. மாணவிகள் வளாகத்தைவிட்டு நகராமல் போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரியைக் காத்த போராட்டம் என்றுதான் அதை நினைவுகூர்கிறோம். எளிய குடும்பத்துப் பெண்கள் தினமும் கடல் பார்க்கக் கிடைத்திருந்த ஒரு முகவரியும் அதனோடு சேர்ந்து காப்பாற்றப்பட்டது.

இரண்டாவது காரணம் வேலை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் வந்த தலைமுறைகளில் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் தையல் கம்பெனிக்கும் போகும் பெண்கள் அதன் பெண்கள் பெட்டிகளை நிறைத்தார்கள். மடியில் பூ கட்டுவது, டிபன் பாக்ஸைப் பகிர்வது, பாசிமணி விற்பவரிடம் பேரம் பேசுவது எல்லாம் அங்கே நடக்கும். மாத சீசன் டிக்கெட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. வழியில் எந்த நிலையத்திலும் இறங்கி ஏறலாம், கூடுதல் செலவில்லை. மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவை ஒன்றும் வாங்காமல் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். எழும்பூரில் இறங்கினால் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் நடக்கும் தூரம். ‘வண்டி லேட்’ என்ற ஒரு வரிக்குள் அரை மணி நேரச் சுதந்திரம் அடங்கியது.

வெளியே சாப்பிடுவதிலும் இதே கதைதான். ஓட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்ற பலகையைப் பார்த்திருப்போம். தனியாக வந்த பெண்ணும் பசியாற வேண்டுமானால் குடும்பமாக வேண்டும். 2013இல் அம்மா உணவகங்கள் வந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. மலிவு என்பது மட்டுமே செய்தி அல்ல. சமைப்பவரும் பரிமாறுபவரும் பெண்கள். தனியாக வந்தவள் நின்றபடியே சாப்பிட்டுக் கை கழுவிப் போகலாம். திரைச்சீலை போட்ட அறை தேவையில்லை.

பிறகு 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு அறிவித்தது. விரைவிலேயே திருநங்கைகளுக்கும் அது விரிந்தது. இதனால் மிச்சமாகும் பணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கேட்கப்படாமல் போன கேள்வியைப் பற்றிப் பேசுவதில்லை. பேருந்துக்குக் காசு கேட்டால் ‘எதற்கு’ என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். காசு கேட்கத் தேவையில்லாதபோது அந்தக் கேள்வி ஒரு பிடியை இழக்கிறது.

கேள்வி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ‘ஓசி டிக்கெட்’ என்ற கேலி இருக்கிறது. கடற்கரையில் சுத்தமான கழிப்பறைக்கு அலைய வேண்டியிருக்கிறது. இருட்டியதும் வீட்டிலிருந்து போன் வருகிறது. ஆனாலும் திட்டத்தின் பயனை அளக்கும்போது வேலை, படிப்பு, மருத்துவமனை என்று பட்டியலிட்டு நிறுத்திக்கொள்வதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அதுவும் நம்மிடம் காரணம் கேட்பதுதான். வீட்டு வேலை முடித்து மதியம் பேருந்தேறி, கடலைப் பார்த்து, சுண்டல் தின்று திரும்பும் பெண்ணின் பயணம் எந்தத் தலைப்பின் கீழும் வராது. எங்கே போனாய் என்றால் ‘சும்மா’ என்பாள். நூறாண்டுகளாக இந்த நகரம் ஆண்களிடம் மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட பதில் அது.