ஒன்பதாம் தளத்துக்கு வராத அழைப்பு

அலுவலகக் கணினியில் குறிப்பிட்ட சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால், ஓசை ஏதும் எழாமல், சக ஊழியர்களின் திரைகளில் 'உதவி தேவை' என்னும் வாசகம் தோன்றும். அழைப்பவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்பதும் உடன் தெரியும். மருத்துவமனைகள், நீதிமன்ற அலுவலகங்கள், கல்விக்கூடங்கள் எனப் பல இடங்களில் இத்தகைய அபாய அறிவிப்பு மென்பொருள்கள் இன்று புழக்கத்தில் உள்ளன. கணினி யுகத்தின் கொடை என்றே இதனை நாம் எண்ணுகிறோம். ஆயினும், பணியிடத்தில் ஆபத்தை எழுத்தால் அறிவிக்க முயன்ற கதை நூறாண்டுக்கும் பழையது. அதன் மிகத் துயரமான அத்தியாயம் நியூயார்க் நகரில் நிகழ்ந்தது.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. மன்ஹாட்டனில் ஆஷ் கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் டிரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் என்னும் ஆடைத் தொழிற்சாலை இயங்கிவந்தது. தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். முதலாளிகளின் அலுவலகம் பத்தாம் தளத்தில் இருந்தது. மாலை வேலை முடியும் தறுவாயில், எட்டாம் தளத்தில் துணி வெட்டும் மேசையின் அடியில் குவிந்திருந்த கழிவுத் துணியில் தீப்பற்றியது.

எட்டாம் தளத்துக்கும் பத்தாம் தளத்துக்கும் இடையே அக்காலத்தின் அதிநவீனக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் பெயர் டெலாட்டோகிராஃப். ஓரிடத்தில் பேனாவால் எழுதினால் மின்கம்பி வழியே மற்றோரிடத்தில் அதே கையெழுத்து தாளில் பதியும். 1888இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் எலிஷா கிரே. தொலைபேசிக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் விண்ணப்பித்த அதே நாளில், 1876 பிப்ரவரி 14 அன்று, தாமும் காப்புரிமை அலுவலகத்தில் முன்னறிவிப்புப் பதிவு செய்து, வரலாற்றில் இரண்டாமவராக நின்றுபோனவர் இவர். இவ்விரு போட்டியாளர்களின் கருவிகளும் அன்று எட்டாம் தளத்தில் அருகருகே இருந்தன.

அங்கிருந்த பெண் ஊழியர் முதலில் டெலாட்டோகிராஃபில் செய்தி அனுப்ப முயன்றார், பயனில்லை. பிறகு தொலைபேசியை எடுத்தார். பத்தாம் தளத்துக்குச் செய்தி எட்டியது. முதலாளிகள் உட்பட அங்கிருந்தோர், ஒருவர் நீங்கலாக, மொட்டைமாடி வழியே தப்பினர். எட்டாம் தளத்தாரில் பெரும்பாலோர் தீயைக் கண்ணால் கண்டதால் தப்பினர். ஒன்பதாம் தளத்தைத் தொலைபேசியில் அழைக்கவேண்டுமெனில் பத்தாம் தளத்து இணைப்புப் பலகையைக் கடந்தே ஆகவேண்டும். பலகையில் இருந்தவரோ செய்தி கேட்டதும் இடத்தைவிட்டு ஓடிவிட்டார். ஒன்பதாம் தளத்துக்குத் தீதான் முதலில் வந்தது, அழைப்பு வரவேயில்லை. அங்கே வெளியேறும் கதவுகளுள் ஒன்று பூட்டிக் கிடந்தது. இறந்தோர் 146 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அத்தளத்தினர்.

கருவி இல்லாத குறையால் நேர்ந்த மரணங்கள் அல்ல இவை. செய்தி செல்லும் பாதை முதலாளிகளின் தளத்தை நோக்கியே போடப்பட்டிருந்தது. நாள்தோறும் கணக்குக் கேட்கவும் கட்டளையிடவும் அமைந்த பாதை, ஆபத்து வேளையிலும் அவ்வண்ணமே நடந்துகொண்டது. அதிகாரத்தின் படிநிலை எதுவோ அதுவே எச்சரிக்கையின் படிநிலையாகவும் ஆயிற்று.

தெருவில் நின்று அக்கொடுமையைக் கண்டவர்களுள் பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஒருவர். பின்னாளில், 1933இல், அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனவர். 1911இலேயே நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. தீயணைப்பு ஒத்திகைகளையும் நீர்தெளிப்பான்களையும் கோரும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒத்திகையைச் சட்டம் வற்புறுத்தியது கூர்ந்து நோக்கத்தக்கது. கருவி இருந்தால் மட்டும் போதாது, அழைப்பைக் கேட்கும் மனிதரும் பழகியிருக்கவேண்டும் என்னும் அறிவு 146 உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது.

இன்றைய மென்பொருளின் முன்னும் இதே கேள்விகளே நிற்கின்றன. விசையை அழுத்தினால் செய்தி யார் திரைக்குப் போகும்? அத்திரையின் முன் அவ்வேளையில் ஆள் இருப்பாரா? இருந்தாலும் எழுந்து வருவாரா? இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்றும் உண்டு: மேசையும் கணினியும் இல்லாதவர் எதை அழுத்துவார்?

இக்கடைசிக் கேள்வியை எழுப்பியவர்கள் சிகாகோ நகரின் விடுதிப் பணிப்பெண்கள். விருந்தினர் அறைகளைத் தனியே சுத்தம் செய்பவர்கள் அவர்கள். அவர்களின் தொழிற்சங்கம் 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், விடுதிப் பணியாளர்களுள் 58 விழுக்காட்டினர் விருந்தினரின் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். வரவேற்பு மேசையில் கணினி இருந்தது; பன்னிரண்டாம் மாடியில் படுக்கை விரிப்பை மாற்றுபவரிடம் எதுவும் இல்லை. தனித்துப் பணிபுரியும் ஊழியருக்குக் கையடக்க அபாயப் பொத்தானை விடுதியே தன் செலவில் வழங்கவேண்டும் என்று 2017இல் அந்நகர மன்றம் சட்டம் இயற்றியது. அது தொழில்நுட்பத்தின் வெற்றி என்பதைவிட, கேட்டுப் பெற்றவர்களின் வெற்றி எனலே பொருந்தும்.

ஒரு பணியிடத்தில் யாருடைய குரலுக்கு மதிப்பு என்பதை அறிய விரும்புவோர் அங்குள்ள அபாய அழைப்பின் பாதையைப் பார்த்தால் போதும். அது எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, இடையில் எந்தத் தளத்தைத் தாண்டிச் செல்கிறது என்பவை ஒவ்வொரு அலுவலகமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவேண்டியவை.