பேர், ஊர், செய்த காரியம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியெல்லாம் மேற்கே மலை கூடவே வரும். அந்த மலைக்கு அப்பால் வருசநாடு. அதையும் தாண்டினால் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மூத்தவை. ஒரு கல்லில் அந்தவன் என்பவன் பேர் இருக்கிறது. கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டை என்ற செய்தி இருக்கிறது. புகழ்ச்சியாக ஒரு சொல் கிடையாது. இறந்தவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

மலைக்கு இந்தப் பக்கம், எங்கள் சீமையில் இருப்பவை மாலைக்கோயில்கள். நாயக்கர் காலத்துக் கற்கள். வாளோடு வீரன் நிற்பான். உடன்கட்டை ஏறிய மனைவி பக்கத்தில் நிற்பாள். ராஜகம்பளத்தார் இன்றும் கும்பிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான கற்களில் எழுத்து இல்லை. யாரோடு சண்டை, எதற்காகச் செத்தார் என்று கேட்டால், "எங்க முன்னோரு, சண்டையில விழுந்தவரு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வெள்ளைக்காரன் இன்னும் சுருக்கிவிட்டான். 1914–19 போருக்குப் பிறகு ஊர் ஊராகப் பதித்த பலகைகளில் இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும்.

நான் விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃப்ளைட் லெப்டினன்ட் சுப்பிரமணியம் முகிலன் பற்றி யாராவது "கார்கிலில் வீரமரணம்" என்று மட்டும் சொல்லி முடிக்கும்போது எனக்கு மனசு ஆறாது. அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டாமா?

1999 மே 26 அன்று, கார்கில் முகடுகளில் இருந்த எதிரி மீது விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாளே இரண்டு போர் விமானங்களை இழந்தோம். விமானிகளில் நச்சிகேதா பிடிபட்டார், அஜய் அஹுஜா இறந்தார். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் அந்த முகடுகளில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மே 28 அன்று தோலோலிங் முகட்டின் மேல் ராக்கெட் வீச எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் கிளம்பின. அணிக்கு நுப்ரா என்று பெயர். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். எஞ்சின் திணறும், சுழல் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், வண்டி சட்டென்று திரும்பாது. ஜெட் விமானத்தின் வேகமும் கிடையாது. ஏவுகணையோ எஞ்சின் சூட்டைத் தேடித்தான் வரும். அதை ஏமாற்றத் தீப்பிழம்புகளை உதிர்க்கும் கருவி ஒன்று உண்டு. முகிலன் போன ஹெலிகாப்டரில் அது இல்லை. பராமரிப்புக்காரனான எனக்கு இந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

தாக்குதலை முடித்து விலகும்போது ஸ்டிங்கர் ஏவுகணை பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ராஜ்கிஷோர் சாஹு – நால்வரும் போனார்கள். நால்வருக்கும் வாயு சேனா பதக்கம் வந்தது. அதற்குப்பின் ஹெலிகாப்டரைத் தாக்குதலுக்கு அனுப்புவதையே நிறுத்தினார்கள். அது காயம்பட்டவர்களை ஏற்றவும் சாமான் சுமக்கவும் என்றானது. ஜூன் 13 அன்று ராஜபுதன ரைஃபிள்ஸின் 2-ஆவது பட்டாலியன் தோலோலிங்கைப் பிடித்தது.

சர்சாவா விமானப்படைத் தளத்தில் 2024 ஜூலையில் கார்கில் வெற்றியின் வெள்ளிவிழா நடத்தி நால்வரையும் நினைவுகூர்ந்தார்கள். டில்லி தேசியப் போர் நினைவிடத்தின் தியாகச் சக்கரத்தில், மாண்ட ஒவ்வொருவருக்கும் பேர் பொறித்த கல் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் காரியத்தின் விவரத்தை வாயால்தான் கடத்த வேண்டும்.

மே 28 கோடை விடுமுறையில் வருவதால் ஜூலை 26 கார்கில் நாளுக்குத்தான் பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். ஒரு பையன் எழுந்து, "முந்தின நாளே ரெண்டு பிளேன் விழுந்திருச்சுல்ல சார், பெறகு ஏன் போனாங்க?" என்றான். கரும்பலகையில் ஸ்ரீநகர்–லே சாலையைக் கோடாக இழுத்து, மேலே தோலோலிங்கை வரைந்தேன். உச்சியில் இருப்பவனுக்கு அந்தச் சாலை தெரியும், லாரி போவது தெரியும், சரிவில் மறைவே இல்லாமல் ஏறும் நம் சிப்பாயும் தெரிவான். அவனைக் குனிய வைக்க மேலிருந்து ஒருவர் சுட்டாக வேண்டும். அதற்குத்தான் போனார்கள் என்றேன்.