மியூனிக்: ஒரு சந்தும் ஒரு சதுக்கமும்

எங்கள் கல்விச் சுற்றுலாவின் நிகழ்ச்சிநிரலில், மியூனிக் நகரின் இரண்டாம் நாளுக்கு எதிரே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. விரிவுரையும் வழிகாட்டியும் இல்லாத நாள். காலை பதினொரு மணிக்கு மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில், நகர மண்டபக் கோபுரத்தின் மணியோசைக்கேற்பப் பொம்மைகள் சுழல்வதை மற்றப் பயணிகளைப் போலவே அண்ணாந்து பார்த்தோம். பின்னர் வடக்கே நடந்தோம். அந்த நடையில் கண்ட இரண்டு இடங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலாவது, ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்னும் தளபதிகள் மண்டபத்தின் பின்னால் இருக்கும் விஸ்கார்டி சந்து. 1923 நவம்பர் 9 அன்று, ஆட்சியைக் கைப்பற்ற ஹிட்லர் நடத்திய ஊர்வலத்தை இம்மண்டபத்தருகே காவலர்கள் துப்பாக்கியால் தடுத்தனர். பத்தாண்டு கழித்து அதிகாரத்துக்கு வந்த நாஜிகள், அன்று மாண்ட தம் ஆட்களுக்கு மண்டபத்தின் பக்கச் சுவரில் நினைவுச்சின்னம் எழுப்பிக் காவலும் நிறுத்தினர். அவ்வழியே செல்வோர் அனைவரும் கையுயர்த்தி வணங்கியாக வேண்டும். வணங்க மனமில்லாதவர்கள், சின்னத்தை எட்டுமுன்பே இந்தச் சந்தில் திரும்பி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். 'நழுவுவோர் சந்து' என்று நகரத்தார் அதற்குப் பெயரிட்டனர். இன்று அக்கற்களிடையே வளைந்து செல்லும் ஒரு வெண்கலக் கோடு பதிக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பாதங்களுக்கு 1995இல் புரூனோ வாங்க் என்னும் கலைஞர் செய்த நினைவு அது.

அங்கிருந்து லுட்விக் சாலை வழியே சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் பல்கலைக்கழகம். அதன் வாசலில் உள்ள சதுக்கத்தின் தரையில், யாரோ தவறவிட்டவை போலத் தாள்கள் கிடக்கின்றன. எங்களில் ஒருவர் குனிந்து எடுக்கப் போனார். தாள்கள் அல்ல, கல்லோடு கல்லாகப் பதித்த பீங்கான் படிகள்.

1943 பிப்ரவரி 18 அன்று ஹான்ஸ் ஷோலும் அவர் தங்கை சோஃபியும் துண்டறிக்கைகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்து, வகுப்பறை வாசல்களில் வைத்தனர். எஞ்சியவற்றைச் சோஃபி மேல்தளக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தள்ளிவிட்டார். ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சரணடைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சக மாணவர்களை விளித்து அவ்வறிக்கையை எழுதியவர் பேராசிரியர் கர்ட் ஹூபர். 'வெள்ளை ரோஜா' குழுவின் ஆறாவது அறிக்கை அது. கட்டடக் காவலர் ஒருவர் இருவரையும் பிடித்துக் கொடுத்தார். பிப்ரவரி 22 அன்று விசாரணை, தீர்ப்பு, தலைவெட்டு மூன்றும் ஒரே நாளில் முடிந்தன. ஹான்ஸுக்கு வயது 24, சோஃபிக்கு 21. அவர்களுடன் இறந்த கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் மூன்று குழந்தைகளின் தந்தை, வயது 23. ஹூபர், ஷ்மோரெல், வில்லி கிராஃப் ஆகியோரும் அதே ஆண்டில் கொல்லப்பட்டனர்.

இதுவரை பலரும் அறிந்த கதை. எங்களை உலுக்கியது இதன் மறுபக்கம். அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பெருந்திரளாகக் கூடி, பிடித்துக் கொடுத்த காவலரைக் கைதட்டிப் பாராட்டினர். இன்று அச்சதுக்கம் ஷோல் உடன்பிறப்புகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைதட்டிய கைகளுக்கு அங்கே அடையாளம் ஏதும் இல்லை. நினைவுச்சின்னங்களின் இயல்பு இது. அவற்றின் முன் நிற்கும் ஒவ்வொருவரும், தாமும் அறிக்கை வீசியவர் பக்கமே நின்றிருப்போம் என்று நம்பிக்கொள்கிறோம்.

மாலையில் திரும்பும்போது மீண்டும் அந்தச் சந்தின் வழியே வந்தோம். நழுவியது கோழைத்தனமே என்றார் எங்களில் ஒருவர். கை உயர்த்த மறுத்ததும் ஒரு மறுப்புத்தானே என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் சரியென்றே தோன்றுகிறது. சந்தில் நடந்தவன் தன் மனசாட்சியைக் காத்துக்கொண்டான். வேறு எவரையும் காக்கவில்லை. அறிக்கையோ எழுதியவர்கள் மடிந்த பின்னும் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தை அடைந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் விமானங்கள் அதைப் படியெடுத்து ஜெர்மனி மீது வீசின.

ஆயினும் சதுக்கத்தைவிட அச்சந்தே எங்களுக்கு அணுக்கமாகப் பட்டது. நம்மில் பெரும்பாலோரின் துணிவு அவ்வளவுதான். அதுவும் இருந்திருக்குமா என்பதைக் கேட்டுக்கொள்ளவாவது ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தது.