அன்று களத்தில் இருந்தவர்கள்

1998 ஜனவரி 1. கலிஃபோர்னியாவின் பாஸடீனாவில் ரோஸ் பௌல் ஆட்டம். மிஷிகன் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதின. அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மிஷிகன் 21–16 என்று ஜெயித்தது. மூன்று டச்டவுன் பாஸ்கள் வீசிய மிஷிகனின் குவார்ட்டர்பேக் பிரையன் கிரீஸி ஆட்டநாயகன். மிஷிகனின் தடுப்பாட்டக்காரர் சார்ல்ஸ் வுட்சன் சில வாரங்களுக்கு முன்புதான் கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கியிருந்தார். எதிரணியின் குவார்ட்டர்பேக் ரயன் லீஃப் அந்த விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தவர். மிஷிகன் பெஞ்சில் இன்னொரு பையன் உட்கார்ந்திருந்தான். பெயர் டாம் பிரேடி.

அன்றைய கூட்டத்தில் பிரேடியைப் பார்க்க வந்தவர்கள் அநேகமாக அவர் வீட்டார் மட்டும்தான். இன்றைக்கு அந்த அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது அவர் பெயர். ஆடாத ஆட்டத்தில்கூட ஒருவர் பின்னாளில் கதாநாயகன் ஆகிவிட முடியும். அது எப்படி நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கையால் வீசி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி ஆட்டம் என்றதும் நம்மூர் இன்டர்-காலேஜ் மேட்ச் மாதிரி நினைத்துவிட வேண்டாம். மிஷிகனின் சொந்த மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறை ஆட்டம். கல்லூரியில் ஆடியவர்களை ஆண்டுக்கொருமுறை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர், மொத்தம் ஏழு சுற்று. கல்லூரியில் பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோரின் ஆட்டம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும்.

2000ஆம் ஆண்டு டிராஃப்டில் பிரேடி ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாகத் தேர்வானார். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார். 199 என்ற எண்ணே ஒரு புராணமாகிவிட்டது. புராணம் என்றால் அதற்கு ஒரு பால்ய காண்டம் வேண்டுமே? அதை மிஷிகனில் தேடினார்கள். கிடைத்தது.

இன்று சொல்லப்படும் கதை இரண்டு விதம். ஒன்று: "கல்லூரியில் அவரை யாருமே கண்டுக்கல, பெஞ்சுலயே உக்கார வெச்சிருந்தாங்க." இன்னொன்று: "அப்பவே தெரியும், கடைசி நேரத்துல ஜெயிச்சுக் கொடுக்குற ஆள்." இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஆனாலும் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்பவர்கள் உண்டு. ஏனென்றால் இரண்டுமே ஒரே முடிவிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டவை.

நடந்தது இதைவிடச் சாதாரணமானது, இதைவிடச் சுவாரசியமானதும்கூட. பிரேடி 1998, 1999 இரண்டு பருவங்களிலும் மிஷிகனின் முதன்மைக் குவார்ட்டர்பேக். அவர் தொடங்கிய 25 ஆட்டங்களில் 20 வெற்றி. 1999இல் அணித்தலைவர்களில் ஒருவர். ஆக, யாரும் கண்டுகொள்ளாத ஆளில்லை. அதே சமயம் அவர் இடம் உறுதியாகவும் இல்லை. 1998 பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் மிஷிகன் தோற்றது. அந்த வருடம்தான் ட்ரூ ஹென்சன் என்ற உள்ளூர்ப் பையன் வந்து சேர்ந்திருந்தான். பள்ளியிலேயே ஃபுட்பால், பேஸ்பால் இரண்டிலும் நட்சத்திரம். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி அவனை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. பெஞ்சில் அப்படி ஒருவன் இருக்கும்போது ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஹென்சனை இறக்கு என்ற குரல் எழுந்தது.

1999இல் பயிற்சியாளர் லாய்ட் கார் ஒரு ஏற்பாடு செய்தார். முதல் கால்பகுதி பிரேடிக்கு, இரண்டாம் கால்பகுதி ஹென்சனுக்கு. இடைவேளையில் யார் நன்றாக ஆடியிருக்கிறாரோ அவருக்கு மீதி ஆட்டம்.

இன்றைக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகம் ஜெயித்த குவார்ட்டர்பேக்கைப் பாதி ஆட்டம் உட்கார வைத்தாரா, என்ன மனுஷன்யா இவர் என்று தோன்றும். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களைப் பாருங்கள். ஐந்திலும் மிஷிகன் ஜெயித்தது. ஏற்பாடு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆறாவது ஆட்டம் மிஷிகன் ஸ்டேட்டுடன். அப்போது அவர்களின் பயிற்சியாளர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நிக் சேபன். இரண்டாம் பாதியை ஹென்சனுக்குக் கொடுத்தார் கார். மிஷிகன் 27–10 என்று பின்தங்கிய நிலையில் பிரேடி திரும்ப வந்தார், வீசித் தள்ளினார், 34–31 வரை கொண்டுவந்தார். ஆனால் தோற்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகிர்வு நீடிக்கவில்லை, அணி பிரேடியின் கைக்கு வந்தது. 2000 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பௌலில் இரண்டு முறை 14 புள்ளிகள் பின்தங்கியும் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 35–34 என்று வென்றார்கள். பிரேடி 369 கெஜம் வீசினார், நான்கு டச்டவுன்.

கார் முட்டாள் இல்லை. 1997இல் மிஷிகனுக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். தன் கையிலிருந்த தகவலை வைத்து, இரண்டு நல்ல ஆட்டக்காரர்களுக்கு இடையே முடிவெடுக்கத் தயங்கியவர், அவ்வளவுதான். 2001இல் நடக்கப்போவது 1999இல் அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பிசகுக்கு உளவியலில் ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன்னால், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் கேட்டு எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று அதே மாணவர்களிடம் கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பலர் நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்ததும் நினைவே தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது. 1975இல் வெளிவந்த அந்த ஆய்வின் தலைப்பே கிட்டத்தட்ட 'எனக்கு அப்பவே தெரியும்' என்பதுதான்.

பிரேடிக்கு இந்தத் திருத்தத்தால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் மற்றவர்களுக்கு.

ஹென்சனை எடுத்துக்கொள்வோம். 2000 பருவம் ஆடிவிட்டு, யாங்கீஸ் கொடுத்த பெரிய ஒப்பந்தத்துக்காக ஃபுட்பாலை விட்டுப் போனார். பேஸ்பாலில் நிற்க முடியவில்லை. 2004இல் டல்லஸ் அணிக்காக என்.எஃப்.எல்.லுக்கு வந்தார். அங்கேயும் நிலைக்கவில்லை. இன்று அவர் பெயர் பிரேடி கதையில் ஒரு அடிக்குறிப்பு: 'இவனுக்காகவா அவரை உட்கார வெச்சாங்க?' ஆனால் 1999இல் அது கேள்வியே இல்லை. அரங்கில் பாதிப் பேர் கேட்டது அவரைத்தான்.

ரயன் லீஃபின் கதை இன்னும் மோசம். அந்த ரோஸ் பௌலுக்கு வருவதற்கு முன் வாஷிங்டன் ஸ்டேட் கடைசியாக ரோஸ் பௌல் ஆடியது 1931 ஜனவரியில். 67 வருடக் காத்திருப்பை முடித்துவைத்தவர் லீஃப். அந்தப் பருவத்தில் 34 டச்டவுன் பாஸ்கள். ரோஸ் பௌலின் கடைசி நொடிகளிலும் மிஷிகன் எல்லைக்குள் அணியைக் கொண்டுவந்திருந்தார். கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடித்தார். நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஊர் ரசிகர்கள் அதை வருடக்கணக்கில் பேசினார்கள். சில மாதங்கள் கழித்து 1998 டிராஃப்டில் பேட்டன் மேனிங் முதல் ஆள், லீஃப் இரண்டாவது ஆள். என்.எஃப்.எல்.லில் லீஃப் தொடங்கிய ஆட்டங்களில் 4 வெற்றி, 17 தோல்வி. 14 டச்டவுன், எதிரணி பிடித்த பாஸ் 36. பிறகு வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமை, சிறை, அதிலிருந்து மீட்சி.

இப்போது லீஃப் என்றால் தப்பான தேர்வுக்கு உதாரணம். அந்தப் பெயர் பின்னோக்கிப் பாய்ந்து 1997ஐயும் கறையாக்கிவிட்டது. ஆனால் 67 வருடம் காத்திருந்த ஊருக்கு அந்தப் பருவம் நிஜமாகவே நடந்தது. பின்னால் வந்த தோல்வி, முன்னால் வந்த மகிழ்ச்சியைப் பொய்யாக்கிவிடுமா என்ன?

டாமி ஃப்ரேஸியருக்கு வேறு விதம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். 1994, 1995 இரண்டு வருடமும் அந்த அணிக்குத் தேசியப் பட்டம். 1996 ஜனவரியில் ஃபுளோரிடாவை 62–24 என்று சிதறடித்த ஆட்டத்தில், பிடிக்க வந்தவர்களை உதறிக்கொண்டே 75 கெஜம் ஓடினார். அன்று அவர் ஓடிய மொத்த தூரம் 199 கெஜம். ஆமாம், அதே 199. கால் நரம்பில் ரத்தக்கட்டு வந்து 1994 பருவத்தின் பெரும்பகுதியை இழந்தவர். டிராஃப்டில் ஏழு சுற்றிலும் ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. உடல்நிலை ஒரு காரணம். குவார்ட்டர்பேக் வீசுவதைவிட அதிகம் ஓட வேண்டிய நெப்ராஸ்கா பாணி என்.எஃப்.எல்.லுக்கு அன்று தேவைப்படவில்லை என்பது இன்னொன்று. அவர் தோற்கவில்லை. அவர் ஆடிய ஆட்டத்துக்கு அங்கே கடை இல்லை.

இதையெல்லாம் ஏன் பொருட்படுத்த வேண்டும், வெறும் விளையாட்டுதானே என்று கேட்கலாம். இதில் காசும் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஆடிய இந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். டிக்கெட் வருமானமும் தொலைக்காட்சிப் பணமும் பல்கலைக்கழகங்களுக்கு. தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவே கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில்தான். ஃப்ரேஸியர் மாதிரி ஒருவருக்குக் கிடைத்த கூலி, அந்தச் சனிக்கிழமைகளின் நினைவு மட்டும். அதற்கும் விலை நிர்ணயிப்பது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால், அவர்களுக்கு மிச்சம் என்ன?

பிரேடிக்கு முன் தேர்வான அந்த ஆறு பேரைப் பற்றி 2011இல் ஒரு ஆவணப்படம் வந்தது. பெயர் 'தி பிரேடி 6'. ஆறு பேரையும் சேர்த்துக் கட்டும் ஒரே கயிறு, அவர்கள் பிரேடி இல்லை என்பது. அதில் ஒருவர் டீ மார்ட்டின், 163ஆவது தேர்வு. என்.எஃப்.எல்.லில் அவர் ஆடியது சொற்பம். அந்தப் பட்டியலில் பார்த்தால் அவர் ஒரு தவறு.

டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லுக்குப் போனால் கணக்கு வேறு. அங்கே மார்ட்டினுக்கு முன் ஆடியவர் பேட்டன் மேனிங், பின்னாளில் என்.எஃப்.எல். மாமேதை. ஆனால் மேனிங் தொடங்கிய ஆட்டங்களில் ஒருமுறைகூட டென்னசி ஃபுளோரிடாவை ஜெயித்ததில்லை. அவர் போன அடுத்த வருடமே, 1998இல், மார்ட்டின் தலைமையில் அதே ஃபுளோரிடாவைக் கூடுதல் நேரத்தில் 20–17 என்று வென்றார்கள். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 13–0, தேசியப் பட்டம். அந்த மைதானத்துப் பக்கம் மேனிங் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. டீ மார்ட்டின் பெயரிலும் ஒரு தெரு இருக்கிறது. பெயர்ப்பலகையில் டிராஃப்ட் எண் கிடையாது.