பங்காளிக்கே முதல் கேள்வி

எங்கள் கொங்குப் பக்கத்தில் தோட்டமோ வீடோ விலைக்கு வந்தால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்ற பிறகுதான் அசலார். இது எழுதாத வழக்கம். திருப்பூர் பனியன் தொழிலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கூட்டாகவே வளர்ந்ததால், கம்பெனிப் பங்கு விலைக்கு வந்தாலும் இதே பேச்சுதான்.

இப்போது பிராண்டு ஷோரூம்களின் பிரான்சைஸ் ஒப்பந்தத்திலும் இது வருகிறது. கடைக்காரர் கடையை விற்பதானால், வெளியாள் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளப் பிராண்டுக்காரருக்கு முதல் உரிமை. பெயர் புதிது, விஷயம் பழசு.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழி படித்தவன். 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டத் தொகுப்பின் 841ஆம் பிரிவில் இதே சிந்தனை இருந்தது. வாரிசு ஒருவர் தன் பங்கை அசலாருக்கு விற்றுவிட்டால், அவர் கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுத்து மற்ற வாரிசுகள் அவரைப் பாகப்பிரிவினையிலிருந்து விலக்கலாம்.

நம் மாகாணத்தில் கதை வேறு. முகமதியச் சட்டத்தில் பங்குதாரருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் 'ஷுஃபா' என்ற முதல் உரிமை உண்டு. வடக்கே பல இடங்களில் அது செல்லுபடியானது. சென்னை உயர் நீதிமன்றமோ, தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தை அது தடுக்கிறது என்று 1870இல் ஏற்க மறுத்தது. மலபாரில் மட்டும் வழக்கம் என்ற முறையில் அது நிலைத்தது.

இந்துக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஓரளவு வழி செய்தது. தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகி, அவருடைய அசையாச் சொத்தோ தொழிலோ முதல் வகுப்பு வாரிசுகள் பலருக்கு வந்தால், ஒருவர் தன் பங்கை விற்கும்போது மற்றவர்களுக்கு முன்னுரிமை. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

கூட்டு நிறுவனமாக இருந்தால் 1932ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றும். ஒரு கூட்டாளி தன் பங்கை அசலாருக்கு விற்றாலும், வாங்கியவருக்கு லாபத்தில் பங்குதான் கிடைக்கும். நிர்வாகத்தில் தலையிடவோ கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவோ முடியாது.

சிக்கல், கம்பெனியைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கிய பிறகுதான். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பெரிய வழக்கு போனது: ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கு. இரண்டு சகோதரர்கள் சமபங்காக வைத்திருந்த குடும்பக் கம்பெனி. ஒரு கிளையைச் சேர்ந்தவர் பங்கை விற்றால் முதலில் அந்தக் கிளைக்காரரிடமே கேட்க வேண்டும் என்று 1951இல் வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு. அடுத்த தலைமுறையில் ஒருவர் மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் விற்பனையை ஏற்கவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கம்பெனியின் அமைப்பு விதிகளில் எழுதப்படாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரர்களையோ கட்டுப்படுத்தாது என்றது. நாற்பது ஆண்டு வாக்கு ஒரே தீர்ப்பில் போயிற்று.

இந்த உரிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடைசியில் பங்காளியோ பிராண்டுக்காரரோதான் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தால், எந்த வெளியாள் மெனக்கெட்டு வந்து நல்ல விலை சொல்வார்? விற்பவருக்குத்தான் நட்டம். பிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் கையெழுத்திட்ட தாளும்தான்.

ஆகவே பிள்ளைகளோடு கம்பெனி நடத்தும் என் வயதுக்காரர்கள் மூன்று விஷயங்களை எழுத்தில் வைக்க வேண்டும்: யாருக்கு முதல் கேள்வி, விலையை யார் எப்படி மதிப்பிடுவது, எத்தனை நாளுக்குள் பதில். பிரைவேட் லிமிடெட் என்றால் ஆடிட்டரிடம் சொல்லி அமைப்பு விதிகளிலேயே சேர்த்துவிடுங்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.