எபிகூரியம்: இன்பமும் துன்பநீக்கமும்

எபிகூரியம், சாமோஸ் தீவில் பிறந்த கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸ் (கி.மு. 341–270) ஏதென்ஸில் ‘தோட்டம்’ எனப்பட்ட தம் பள்ளியில் கற்பித்த கோட்பாடாகும், பெண்களும் அடிமைகளும் அப்பள்ளியில் மாணவராக ஏற்கப்பட்டனர். இன்பமே வாழ்வின் இறுதிப் பயன் என்று அவர் வரையறுத்தாலும், புலன் நுகர்ச்சியைப் பெருக்கிக்கொண்டே போவதை அவர் இன்பமாகக் கொள்ளவில்லை. உடல் நோவற்றிருக்கும் ‘அபோனியா’, உள்ளம் கலக்கமற்றிருக்கும் ‘அதராக்சியா’ ஆகிய நிலைகளையே அதன் உச்சமாகக் கருதினார். தாகம் தணிகையில் எழுவது இயக்க இன்பம், தணிந்தபின் குறையின்றி இருப்பது நிலைத்த இன்பம் எனப் பிரித்து, பின்னதையே அவர் மேலாக மதித்ததால், கணநேரப் புலனின்பத்தை முதன்மையாக்கிய சிரேனியப் பள்ளியினரிடமிருந்து வேறுபட்டார். துன்பம் முற்றும் நீங்கியபின் இன்பம் வகையில் மாறலாமேயன்றி அளவில் கூடாது என்பது அவர் துணிபு.

இந்நிலையை அடைய ஆசைகளை அவர் மூவகையாகப் பிரித்தார். பசிக்கு உணவு தேடுவது இயல்பானதும் இன்றியமையாததுமான ஆசை. அறுசுவை விருந்தை நாடுவது இயல்பானதே எனினும் இன்றியமையாததன்று. புகழையும் அதிகாரத்தையும் விழைவது இவ்விரண்டிலும் அடங்காத வெற்றாசை. உள்ளத்தைக் கலக்கும் இறப்பச்சத்தை நீக்க அவர் அணுக்கொள்கையைத் துணைக்கொண்டார்: உயிரும் அணுக்களால் ஆனது, இறப்பில் அவை சிதறிவிடுவதால் உணர்வு இல்லை, உணர்வில்லாத இடத்தில் துன்பமும் இல்லை.

நோவின்மையை இன்பமென்று அழைக்கலாகாது என்ற உரோமானிய அறிஞர் சிசரோவின் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், எபிகூரியர் உண்டு களிப்பவர் என்னும் பழிக்கு எளிய உணவை விரும்பிய எபிகூரஸின் வாழ்வில் ஆதாரமில்லை. அவருடைய நூல்களுள் பெரும்பாலானவை அழிந்தன. எஞ்சிய மூன்று கடிதங்களை மெய்யியலாளர் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜினிஸ் லாயர்ஷியஸ் தம் நூலில் சேர்த்துவைத்துள்ளார்.