தன் பாரமும் பாரமே



காலையில் மரம் சீவி, சேர்த்த பாலை இரண்டு வாளிகளில் நிரப்பி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து நடந்த அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கு உண்டு. கம்பு மெலிந்திருந்தால் முறியும். முறியக்கூடாதென்று பெரிய கட்டையை எடுத்தால், வாளியை மாட்டுமுன்பே தோள் வலிக்கும். ஆகவே கனம் குறைந்து உறுதி மிகுந்த கம்பையே நம் பெரியவர்கள் தேடினார்கள். பாலம் கட்டிய பொறியியலாளர்களும் அதையே தேடினார்கள். அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. இத்தகைய பாதைகளில் குறுக்கிடும் சிற்றாறுகளுக்குச் சாதாரண உத்தரமே போதும். அகன்ற ஆறு என்றால் நிலைமை வேறு. தூண்களுக்கு இடையேயுள்ள தூரம் இரு மடங்கானால், அதே கனமுள்ள உத்தரத்தை அதன் சொந்தப் பாரமே நான்கு மடங்கு வலுவுடன் வளைக்கும். வண்டி ஏறுமுன்பே உத்தரத்தின் வலிமையில் பெரும்பகுதி தன்னைத் தாங்குவதிலேயே செலவாகிவிடும்.

இதைச் சரியாகக் கணக்கிடாததால் என்ன நேர்ந்தது? கனடாவில் கியூபெக் நகருக்கு அருகே ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டினார்கள். பாலத்தின் பாரத்தை உரிய காலத்தில் மறுபடி கணக்கிடவில்லை. அடிச்சட்டங்கள் வளைவது சில நாள் முன்பே தெரிந்தும் வேலை நிற்கவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் மோஹாக் என்னும் பூர்வகுடியினர். கணக்குப் பிழை காகிதத்தில் நேர்ந்தது. விலை கொடுத்தவர்கள் உழைப்பாளிகள்.

மீண்டும் கட்டி 1917இல் முடித்த பாலத்தில், நிக்கல் கலந்த உறுதிமிகு எஃகும் பயன்பட்டது. இரும்போடு நிக்கல், குரோமியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தால் எஃகின் வலிமை கூடும். அதே சுமைக்குக் குறைந்த எஃகு போதும். பாலத்தின் சொந்தப் பாரமும் குறையும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவின் ஹௌரா பாலத்தின் வேலை 1936இல் தொடங்கியது. நடு இடைவெளி 1,500 அடி; தேவைப்பட்ட எஃகு 26,500 டன். போர் மூண்டதால் பிரிட்டனிலிருந்து சுமார் 3,000 டன் மட்டுமே வந்தது. மீதி 23,000 டன்னுக்கு மேல் டாட்டா நிறுவனம் தந்தது. ‘டிஸ்க்ரோம்’ எனப்பட்ட அந்த உறுதிமிகு எஃகு இந்திய மண்ணிலேயே உருவானது. 1943 பிப்ரவரியில் பாலம் ஆரவாரமின்றித் திறக்கப்பட்டது. அதே போர்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

உறுதிமிகு எஃகு எல்லாக் குறைக்கும் மருந்தாகாது. அது எளிதில் அறுந்துபோகாது. ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு உத்தரங்களில் ஒரே சுமையை ஏற்றினால், சாதாரண எஃகு வளையும் அளவுக்கே இதுவும் வளையும். மெல்லிய தகடு நெளியவும் கூடும். ஆகவே உத்தரத்தின் உயரமும் வடிவமும் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, முகப்பில் எழுதியுள்ள பார எல்லையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அந்த எண்ணுக்குப் பின்னே கணக்கு இருக்கிறது. கணக்குக்குப் பின்னே உயிர்கள் இருக்கின்றன.